முதல் டிராக் டேக்கு முன்: காற்று, டயர், ரிம்

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டப்போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் அடுத்த மூச்சிலேயே கேட்பது, "எந்த அலாய் வீல் வாங்கலாம்?" என்பதுதான். டயரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. காற்றைப் பற்றிக் கேட்பவர்கள் அபூர்வம். லேப் நேரம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், குறையும் வரிசையோ அப்படியே தலைகீழ்: முதலில் காற்று, அப்புறம் டயர், கடைசியில்தான் ரிம். காற்றுக்குக் காசே தேவையில்லை என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

உதாரணத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் நம் சென்னை டிராக்கையே எடுத்துக்கொள்கிறேன். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பழகியவர்கள் வாயில் இன்னும் எம்.எம்.ஆர்.டி. (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்) தான். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். கார், 1,100 கிலோ எடையுள்ள சாதாரண ஹேட்ச்பேக். டயர், 185/60 ஆர் 15.

நேரம் எங்கே இருக்கிறது?

அந்த 1,100 கிலோவை நான்காகப் பிரித்தால் ஒரு டயருக்கு 275 கிலோ. டயருக்குள் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையைத் தொட வேண்டும். ஒரு அஞ்சல் அட்டையின் அளவு அது. பிரேக், ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர் என்று நீங்கள் செய்வதெல்லாம் நான்கு அஞ்சல் அட்டைகள் வழியாகத்தான் தரைக்குப் போகிறது.

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டயர் 0.85 ஜி (ஒரு ஜி என்பது காரின் எடைக்குச் சமமான விசை) பிடிப்புத் தருகிறது என்றால், அந்த வளைவில் போகக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 73 கிலோமீட்டர் சொச்சம். நல்ல டயர் 1 ஜி தந்தால் ஏறக்குறைய 80. வளைவு 90 டிகிரி திரும்புகிறது என்றால் அதற்குள் மட்டும் 0.3 விநாடி மிச்சம். வெளியே வரும்போதும் 6 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தோடு வருகிறீர்கள். அடுத்த நேர்ப்பாதை முழுக்க அது கூடவே வரும். பிரேக்கிலும் இதே கதைதான். 140-லிருந்து 70-க்கு இறங்க 0.85 ஜி-யில் 68 மீட்டர் தேவை, 1 ஜி-யில் 58 மீட்டர் போதும். வளைவுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்காதுதான். ஆனாலும் 12 வளைவுகளில் சேர்த்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்குச் சில விநாடிகள் வந்துவிடும். இன்ஜினில் கைவைத்து இவ்வளவு நேரத்தைக் குறைக்கப் பெரிய செலவாகும்.

படி 1: இருக்கிற டயரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. 185/60 ஆர் 15 84 எச் என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம். 84 என்பது ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்பதற்கான எண். எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. வி என்றால் 240.

அடுத்து நான்கு இலக்கத் தேதியைத் தேடுங்கள். 2321 என்று இருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) நன்றாக இருந்தாலும் ஏழெட்டு வருடப் பழைய டயரோடு டிராக்குக்கு வராதீர்கள். ரப்பர் இறுகிப்போயிருக்கும். பக்கச்சுவரில் வெடிப்பு, உப்பல், உள்பக்கம் ஆணி எதுவும் இல்லை என்று காரை ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

டிராக் டேக்கு என்று புத்தம்புதிய டயர் மாட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது வேண்டாம். புது டயரில் பட்டன்கள் உயரமாக இருப்பதால் வளைவில் அவை நெளிந்து ஆடும், சீக்கிரம் சூடேறிப் பிய்ந்துபோகும். காய்ந்த தரையில் பாதி தேய்ந்த டயர் பல சமயம் புதியதைவிட வேகமாகவே சுற்றும். அதே டயர் மழையில் தண்ணீர் மேல் மிதக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 2: காற்று

இங்கேதான் அவசரப்படக் கூடாது. காற்றழுத்தத்தை அளக்க, நூறு ரூபாய்க்கும் கிடைக்கிற பேனா மாதிரி கேஜை நம்பாமல், காற்றை இறக்கிவிடும் பொத்தான் வைத்த நல்ல கேஜ் ஒன்று வாங்குங்கள். முதல் வருடம் நீங்கள் வாங்க வேண்டிய ஒரே "பெர்ஃபார்மன்ஸ் பார்ட்" இதுதான்.

என் முதல் டிராக் நாளில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து நான்கிலும் 32 வைத்துவிட்டு நிம்மதியாக உள்ளே போனேன். நான்கு சுற்று நன்றாகத்தான் போனது. ஐந்தாவது சுற்றில் முன்பக்கம் வழுக்க ஆரம்பித்தது. நான் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினேன். டயர் இன்னும் கத்தியது. பிட்டுக்கு (டிராக் ஓரம் காரை நிறுத்தும் இடம்) வந்து கேஜை வைத்தால் 40. காரில் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். காற்று சூடேறியிருந்தது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் இது புரியும். காலையில் 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர் ஓடி ஓடி 75 டிகிரிக்குப் போனால், அழுத்தம் 39 பக்கம் வந்து நிற்கும். தோராயமாக 6 அல்லது 7 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ ஏறுகிறது. அதனால் டிராக்கில் நாம் கவனிக்க வேண்டியது சூட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான், வீட்டில் வைத்த எண்ணை அல்ல.

செய்ய வேண்டியது இது. காலையில் குளிர்ந்த டயரில் ஸ்டிக்கரில் உள்ள அளவை வையுங்கள். முதல் செஷனில் மூன்று அல்லது நான்கு சுற்று ஓட்டிவிட்டு நேராகப் பிட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே நான்கு டயரையும் அளந்து எழுதுங்கள். சாதாரண சாலை டயருக்கு சூட்டில் 35 முதல் 37 வரை நல்ல தொடக்கம். அதற்கு மேல் உள்ளதை இறக்கிவிடுங்கள். ஒரே பக்கம் அதிகம் திரும்பும் டிராக்கில் வெளிப்பக்க முன் டயர்தான் மற்றவற்றைவிட அதிகம் ஏறும். அதை மட்டும் கூடுதலாக இறக்க வேண்டி வரும். அடுத்த செஷன் முடிந்து வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள்.

நைட்ரஜன் போட வேண்டுமா என்று கேட்பார்கள். காய்ந்த காற்றும் நைட்ரஜனும் சூட்டில் ஒரே மாதிரிதான் விரியும். கம்ப்ரஸரில் ஈரம் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

படி 3: ஒரு சாக்பீஸ் துண்டு

சரி, 36 சரியா 34 சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டயரே சொல்லும். உள்ளே போகும் முன், பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பில், மேலிருந்து கீழாக மூன்று விரற்கடை நீளத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு இழுங்கள். ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் போட்டால் நல்லது.

திரும்பி வந்ததும் முன் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கருகிய ரப்பர் வாடை வரும். தரையில் கிடந்த ரப்பர்த் துகள்கள் கடுகு மாதிரி ஒட்டியிருக்கும். கோட்டில் எதுவரை அழிந்திருக்கிறது என்பதுதான் விஷயம். பல டயர்களில் அந்த விளிம்பு ஓரம் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். கோடு அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் காற்று சரி. அதையும் தாண்டிப் பக்கச்சுவருக்குள் அழிந்திருந்தால் டயர் மடங்கிப் படுக்கிறது. 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். கோடு பட்டனின் ஓரத்தில்கூட அழியாமல் அப்படியே வெள்ளையாக நின்றால் காற்று அதிகம், டயர் நடுப்பகுதியில் மட்டும் நடக்கிறது.

எவ்வளவு காற்று வைத்தாலும் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தால் அது கேம்பர் விவகாரம். அலைன்மென்ட் கடையில் முன் சக்கரத்தின் மேல்பகுதியைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். முதல் இரண்டு டிராக் நாளுக்கு அதைத் தொடவே வேண்டாம். பல சமயம் ஸ்டீயரிங்கை அதிகமாகத் திருப்புவதுதான் காரணம். கையை நேராக்கினால் டயரும் பிழைக்கும், நேரமும் குறையும்.

படி 4: நேரத்தை எழுதுங்கள்

போனில் லேப் டைமர் ஆப் போதும். ரேஸ்குரோனோ மாதிரி ஒன்றைப் போட்டு, போனை ஆடாமல் மாட்டுங்கள். ஒரு நோட்டில் மணி, குளிர்ந்த காற்று, சூடான காற்று, எல்லா லேப் நேரங்களும். ஒரே ஒரு அதிவேகச் சுற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்; சிறந்த மூன்றின் சராசரியைப் பாருங்கள். ஒரு செஷனுக்கு ஒரு மாற்றம் மட்டும். காலை எட்டு மணித் தரையும் மதியம் இரண்டு மணித் தரையும் சென்னை வெயிலில் ஒன்றல்ல என்பதால், ஒப்பிடும்போது மணியையும் பாருங்கள்.

உங்கள் சிறந்த மூன்று சுற்றுகளுக்குள் இரண்டு விநாடி வித்தியாசம் இருந்தால், எந்த டயர் மாற்றினாலும் அதன் பலன் உங்கள் கணக்கில் தெரியாது. அந்த இடைவெளி அரை விநாடிக்குள் வரும்வரை இருக்கிற டயரிலேயே ஓட்டுங்கள்.

படி 5: டயர் மாற்றும்போது

ஒரே அளவில் நல்ல ரப்பர் உள்ள டயருக்கு மாறுவதுதான் பெரிய தாவல். மைலேஜுக்காகச் செய்த டயரையும் பிடிப்புக்காகச் செய்த டயரையும் ஒரே வளைவில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கார் என்று தோன்றும். டிரெட்வேர் என்ற எண்ணைப் பாருங்கள். 400, 500 என்றால் நாள்பட உழைக்கும் டயர். 200 பக்கம் என்றால் ஒட்டும், சீக்கிரம் தேயும். கம்பெனிகள் தாங்களே போடும் எண் என்பதால் இரண்டு கம்பெனிகளை இதை வைத்து ஒப்பிட முடியாது.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அகலமான டயர் போட்டால் அஞ்சல் அட்டை பெரிதாகிவிடாது. காற்றும் எடையும் மாறாதவரை பரப்பும் ஏறக்குறைய அதேதான். அட்டை குறுக்குவாட்டில் திரும்பிக்கொள்கிறது. வளைவில் உதவுவது அந்த வடிவம்.

விட்டத்தைக் கணக்குப் பார்க்காமல் வாங்காதீர்கள். 185/60 ஆர் 15-ன் மொத்த விட்டம் 603 மில்லிமீட்டர். 195/55 ஆர் 16 போட்டால் 621. மூன்று சதவீதம் பெரிய சக்கரம், அந்த அளவுக்கு கியர் இழுவை மந்தமாகும். அதே 15 அங்குல ரிம்மில் 195/55 போட்டால் 595 சொச்சம். அகலமும் கூடுகிறது, இழுவையும் ஒரு சதவீதம் கூடுகிறது, ரிம் வாங்க வேண்டியதும் இல்லை. என்னைக் கேட்டால் இதுதான்.

படி 6: ரிம், கடைசியாக

ஒவ்வொரு ரிம்மிலும் 2 கிலோ குறைத்தால் காருக்கு 8 கிலோ. சுழலும் எடை என்பதால் முடுக்கத்தில் அதிகபட்சம் இரட்டிப்பாக, 16 கிலோவாக எண்ணலாம். ஸ்டெப்னியைப் பிட்டில் இறக்கி வைத்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். லேசான ரிம்மின் உண்மையான நன்மை, மேடுபள்ளத்திலும் கெர்பிலும் (வளைவின் ஓரத்தில் உயர்த்திக் கட்டிய விளிம்பு) டயர் தரையை விடாமல் தொடர்வது. அது நிஜம்தான், ஆனால் நல்ல ரப்பர் தருவதற்குப் பக்கத்தில் வராது. 17 அங்குலத்துக்குப் போனால் பெரும்பாலும் எடை கூடவே செய்யும்.

வாங்கியே தீருவது என்றால் போல்ட் வட்டம், நடுத் துளை, ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) மூன்றும் பொருந்த வேண்டும். எங்கே செய்தது என்று தெரியாத நகல் ரிம் வேண்டவே வேண்டாம். டிராக்கின் விசையில் அதில் விரிசல் விழலாம்.

படி 7: கிளம்பும் முன்

கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிடுங்கள். பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். ஆறியதும் வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபாருங்கள். அளவு காரின் கையேட்டில் இருக்கும், ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஒரு கடையில் ஏர் கன்னால் ஒட்டுமொத்தமாக முறுக்கிக் கொடுத்த போல்ட்டைக் கழற்ற முடியாமல் அரை நாள் இழந்த பிறகு, இந்த வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

அப்புறம் காற்று. சூட்டில் 36-க்கு இறக்கிய டயர், ஆறியதும் 29 பக்கம்தான் காட்டும். குடும்பத்தையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் நூறில் போக அது போதாது. ஸ்டெப்னியை மறக்காமல் ஏற்றிவிட்டு, நான்கு டயரையும் ஸ்டிக்கர் அளவுக்கு நிரப்பிய பிறகே கேட்டைத் தாண்டுங்கள்.