சோடியம் பொட்டாசியம் பம்ப் புரியணும்னா லீக்ல இருந்து ஆரம்பிங்க

அக்கா பொண்ணு பெங்களூர் அல்சூர்ல ஃபர்ஸ்ட் பியூசி, அதாவது பதினொண்ணாவது படிக்கிறா, நீட்டுக்கும் ரெடி ஆகுறா. நம்ம செல்லோட சவ்வுல உக்காந்திருக்கிற ஒரு புரோட்டீன்தான் இந்த பம்ப். "3 சோடியம் வெளிய, 2 பொட்டாசியம் உள்ள"ன்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லிடுவா, ஆனா ஏன்டி அந்த வேலைய செல் பண்ணுதுன்னு கேட்டா முழிக்கிறா. நான் பிளட் லேப்ல வேலை பாக்குறவ, சோடியம், பொட்டாசியம் அளவு காட்டுற எலக்ட்ரோலைட் ரிப்போர்ட் தினமும் கையில ஓடுது, அதனால ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து சமையல்கட்டு சாமான வெச்சே சொல்லிக் குடுத்தேன். வீட்டுல படிக்கிற புள்ள இருந்தா நீங்களும் இப்படி பண்ணிப் பாருங்க.

ஒரு தாம்பாளம், நடுவுல ஒரு சின்ன கிண்ணம். கிண்ணம்தான் செல். கொண்டக்கடலை சோடியம், துவரம்பருப்பு பொட்டாசியம். வெளிய தட்டுல 35 கடலை 1 பருப்பு, கிண்ணத்துல 3 கடலை 35 பருப்பு. ஒண்ணு ஒண்ணுக்கும் லிட்டருக்கு 4 மில்லிமோல்னு வெச்சுக்கிட்டா நிஜ கணக்குக்கு பக்கத்துலயே வந்துடும், அதாவது சோடியம் வெளிய 140, உள்ள 12, பொட்டாசியம் வெளிய 4, உள்ள 140.

இப்ப பம்ப் பத்தி பேசவே பேசாதீங்க, முதல்ல லீக். மெம்ப்ரேன்ல, அதாவது செல்லோட சவ்வுல, சேனல்னு சின்ன சின்ன வழி இருக்கு, அது வழியா சோடியமும் பொட்டாசியமும் அதிகமா இருக்கிற பக்கத்துல இருந்து கம்மியா இருக்கிற பக்கத்துக்கு அதுபாட்டுக்கு நழுவிக்கிட்டே இருக்கும். ஒரு ரவுண்டுக்கு 3 கடலை உள்ள போடுங்க, 2 பருப்ப வெளிய எடுங்க, 5 ரவுண்டு. எண்ணிப் பாத்தா வெளிய 20 கடலை, உள்ள 18, வித்தியாசமே போச்சு. அதோட கிண்ணத்துல 38 இருந்தது 43 ஆயிடுச்சு பாருங்க, உள்ள சாமான் கூடுனா தண்ணியும் பின்னாடியே வரும், செல் வீங்கும், கடைசியில வெடிச்சும் போகலாம். இந்த இடத்துல பாப்பா தானாவே "சித்தி, அப்ப யாராச்சும் திருப்பி எடுத்துப் போடணும்ல"ன்னா. அந்த கேள்வி புள்ள வாயில இருந்து வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க, நாமளே முந்திக்கக் கூடாது.

அப்புறம் பம்ப். உள்பக்கம் வாய் தொறந்து நிக்கும், 3 சோடியம் ஏறும், செல்லுக்கு எனர்ஜி குடுக்கிற ஏடிபி ஒடஞ்சு ஒரு பாஸ்பேட் பம்ப் மேலயே ஒட்டிக்கும், உடனே வடிவம் மாறி வாய் வெளிப்பக்கம் திரும்பும், சோடியம் எறங்கிடும், வெளிய இருந்து 2 பொட்டாசியம் ஏறும், பாஸ்பேட் கழண்டுக்கும், வாய் திரும்ப உள்பக்கம், பொட்டாசியம் உள்ள எறங்கும். கையாலயே ஒவ்வொரு சுத்தா செய்ய வைங்க, 5 சுத்துல கிண்ணம் பழையபடி வந்துடும். ஒரு சுத்துக்கு ஒரு ஏடிபி, அதுக்கு ஒரு தீக்குச்சி எடுத்து ஓரமா வைக்கச் சொல்லுங்க, செலவு கண்ணுக்குத் தெரியும்.

பெங்களூர் புள்ளைக்கு இன்னொண்ணும் சொல்லலாம். மழையில பேஸ்மென்ட்ல தண்ணி ஊறி ஊறி வரும், மோட்டர் போட்டு வெளிய எறைப்போம், அது சோடியம். சம்ப்ல இருந்து மேல டேங்குக்கு ஏத்துறோம், அது பொட்டாசியம். செல்லுல ரெண்டு வேலையும் ஒரே மோட்டர், கரண்ட்டுக்கு பதிலா ஏடிபி. இத 1957ல டென்மார்க்ல ஸ்கௌன்னு ஒரு டாக்டர் நண்டு கால் நரம்புல கண்டுபிடிச்சாரு, நோபல் 1997ல தான் குடுத்தாங்க, 40 வருஷம்!

நெறைய பேர் தப்பு விடற இடம் வோல்டேஜ். நரம்பு செல் சும்மா இருக்கும்போது வெளிப்பக்கத்த விட உள்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட் இருக்கும், அது வர்றது பம்ப் 3க்கு 2 தள்றதாலன்னு எழுதிடறாங்க. அதோட நேரடி பங்கு சில மில்லிவோல்ட்தான். பம்ப் சேத்து வெச்ச பொட்டாசியம், அதோட சேனல் வழியா வெளிய கசியும்போது உள்பக்கம் நெகட்டிவ் ஆகுது, பெரும்பங்கு அதுதான்.

லீக் நிஜமான்னு சந்தேகம் வந்தா எங்க லேப் கதைய சொல்லுங்க. ஒரு கலெக்ஷன் சென்டர்ல செரம் (அணுக்கள் இல்லாத தெளிஞ்ச பாகம்) பிரிக்காம முழு ரத்தத்த அப்படியே ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சு காலையில அனுப்பிட்டாங்க. 3.5ல இருந்து 5க்குள்ள இருக்க வேண்டிய பொட்டாசியம் 7க்கு மேல காட்டுச்சு, பேஷன்ட் வீட்டுல எல்லாரும் பயந்துட்டாங்க, எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா போச்சு. திரும்ப ஃப்ரெஷ்ஷா எடுத்தா நார்மல். குளிர்ல பம்ப் படுத்துடும், லீக் மட்டும் நிக்காது, சிவப்பணுவுல இருந்த பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துடும், அவ்வளவுதான் நடந்தது.

வயித்துப்போக்குக்கு குடுக்கிற ஓஆர்எஸ்ல உப்போட குளுக்கோஸ் ஏன்னும் இதுலயே சொல்லிடலாம், குடல் செல்லுக்குள்ள 2 சோடியம் நுழையும்போது 1 குளுக்கோஸயும் கூட்டிட்டு வரும், பின்பக்கம் பம்ப் அந்த சோடியத்த ரத்தத்துக்கு தள்ளும், தண்ணி பின்னாடியே போகும்.

கடைசியா புள்ளைகிட்ட ஒரே கேள்வி கேளுங்க: இதய செல்லுல டிகாக்ஸின்ங்கிற இதய மருந்து இந்த பம்ப்ப அடக்குனா என்ன ஆகும்? கிண்ணத்துல கடலை ஏறுதுன்னு முதல்ல சொல்லணும், சோடியம் உள்ள வர்ற வேகத்த வெச்சுதான் செல் பெரும்பாலும் கால்சியத்த வெளிய தள்ளுது, அந்த வேகம் கொறைஞ்சு கால்சியம் உள்ளயே தங்கிடும், அதனால இதயம் பலமா சுருங்கும்னு அது வரைக்கும் பருப்ப நகத்திக்கிட்டே வந்துட்டா, கிண்ணத்த எடுத்து வெச்சிடலாம்.