வீட்டுலயே எலுமிச்சை லிக்யூர், ஆரஞ்சு லிக்யூர்: சாறு வேணாம், தோல் போதும்

மொதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடலாம், லிக்கர் வேற லிக்யூர் வேற. ஓட்கா, ரம் இதெல்லாம் லிக்கர். அதுல பழத்தோலையோ மூலிகையையோ ஊறவெச்சு சர்க்கரை சேத்தா லிக்யூர். இத்தாலிக்காரங்களோட லிமோன்செல்லோ இந்த வகைதான். இதுல அடுப்புல சாராயம் காய்ச்சி வடிக்கிற வேலையே கிடையாது (அதுக்கு நிறைய நாட்டுல லைசென்ஸ் வேணும், ஆபத்தும் கூட), கடையில வாங்குன ஓட்காவுல தோல ஊறப்போடுறோம், அவ்ளோதான்.

பேர்தான் பழ லிக்யூர், ஆனா பழத்தோட சாறு இதுக்கு தேவையே இல்ல. வாசனை பூரா தோல்ல இருக்கு. ஒரு ஆரஞ்சுத் தோல வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, குட்டி குட்டியா புள்ளி தெரியும், அது ஒவ்வொண்ணும் எண்ணெய்ப் பை, மடக்குனா சுர்ருனு தெறிச்சு கண்ண எரிக்கும்ல, அதே எண்ணெய்தான் நமக்கு வேணும். அது தண்ணியில கரையாது, ஆல்கஹால்ல நல்லா கரையும்.

தேவையானது: வாசனை எதுவும் சேக்காத 40 பர்சன்ட் ஓட்கா 750 மில்லி, பெரிய மஞ்சள் எலுமிச்சை 10 (ஆரஞ்சுன்னா 5, 6 போதும்), சர்க்கரை 250 கிராம், தண்ணி 200 மில்லி, இறுக்கி மூடுற கண்ணாடி ஜாடி ஒண்ணு. பிளாஸ்டிக் டப்பா வேணாம், இந்த எண்ணெய் பிளாஸ்டிக்க அரிக்கும். ஓட்கா ரொம்ப காஸ்ட்லியா வாங்காதீங்க, அதே சமயம் குடிச்சா தொண்டைய கீறுற மட்டமான சரக்கும் வேணாம், அந்த நெடி எவ்ளோ சர்க்கரை போட்டாலும் போகாது. இன்னொண்ணு, இத கண்டிப்பா சொல்லணும்: லேபுக்கோ பெயின்ட்டுக்கோ விக்கிற ஸ்பிரிட், சானிடைசர் இதையெல்லாம் கிட்டயே சேக்காதீங்க, அதுல மெத்தனால் இருக்கலாம், கண்ணு போயிடும், உயிரும் போகும்.

பழத்து மேல பளபளன்னு மெழுகு பூசியிருப்பாங்க. சுடுதண்ணியில ஒரு நிமிஷம் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, சுத்தமா தொடைச்சுக்கோங்க.

இப்ப தோல் சீவுறது. மொத்த வேலையிலயும் இதுதான் முக்கியம். வெளியில இருக்குற கலர் தோல் மட்டும் வரணும், உள்ள இருக்குற வெள்ளை வரக்கூடாது. மொத தடவ செஞ்சப்ப எனக்கு பொறுமையே இல்ல, கத்தியால பட்டை பட்டையா அறுத்துப் போட்டேன், ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வாய் வெச்சா வேப்பங்கொழுந்து கெட்டுச்சு போங்க, சர்க்கரைய அள்ளிக் கொட்டியும் தேறல, மொத்தத்தையும் சிங்க்ல ஊத்துனேன். அதுக்கப்புறம் பீலர்தான். பழத்த டேபிள் மேல வெச்சு, அழுத்தம் குடுக்காம மேல இருந்து கீழ இழுங்க. சீவுன தோல திருப்பிப் பாத்தா பின்பக்கமும் மஞ்சளா தெரியணும், வெள்ளையா இருந்துச்சுன்னா பலகையில படுக்க வெச்சு கத்திய சாய்ச்சு சுரண்டி எடுத்துடுங்க. கிரேப்ஃப்ரூட்டுக்கு இன்னும் ஜாக்கிரதை, அதோட கசப்பு வேற லெவல்.

தோல ஜாடியில போட்டு ஓட்காவ ஊத்துங்க, தோல் முழுகி இருக்கணும். மூடி, வெயில் படாத அலமாரியில வெச்சிட்டு தெனம் ஒரு தடவ குலுக்கி விடுங்க, மறந்தாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. நாலஞ்சு நாள்லயே மஞ்சள் எறங்கிடும், ஆனா அவசரப்படாதீங்க, 40 பர்சன்ட்டுக்கு ரெண்டுல இருந்து மூணு வாரம் விடுங்க. எப்ப போதும்னு தெரிஞ்சுக்க ஒரு தோல எடுத்து மடக்குங்க, வெளிறிப்போய் சருகு மாதிரி பட்டுனு ஒடிஞ்சா அதுல இருந்ததெல்லாம் எறங்கியாச்சுன்னு அர்த்தம். மாசக்கணக்கா போட்டு வெச்சா இன்னும் நல்லா வரும்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அது சரியா படல, கசப்புதான் ஏறுது.

அப்புறம் பாகு. கம்பிப்பதம் எல்லாம் வேணாம், சர்க்கரையும் தண்ணியும் சேத்து சூடாக்கி கரைஞ்சதும் எறக்கிடுங்க. நல்லா ஆறணும், சூடா ஊத்துனா வாசனையும் ஆல்கஹாலும் ஆவியா போயிடும். கலக்கும்போது பக்கத்துல அடுப்பு எரியக்கூடாது. தோல வடிகட்டி எடுத்துட்டு பாகு சேத்தா மொத்தம் 1.1 லிட்டர் கிட்ட வரும், ஆல்கஹால் சுமார் 27 பர்சன்ட். பாகு மொத்தத்தையும் ஒரேடியா ஊத்தாம முக்கால்வாசி ஊத்தி ருசி பாத்துட்டு மிச்சத்த சேருங்க, அதிகமாயிட்டா திரும்ப எடுக்க முடியாது.

குடிக்கிறதுக்குன்னே விக்கிற 95 பர்சன்ட் ஸ்பிரிட் கெடைச்சா வேலை சீக்கிரம் முடியும், ஒரு வாரமே போதும். ஆனா கணக்கு மாறும்: 750 மில்லிக்கு பழம் 15, 600 கிராம் சர்க்கரை, ஒன்னேகால் லிட்டர் தண்ணி, அப்பதான் 30 பர்சன்ட்டுக்கு எறங்கும். பாகு ஊத்துன ஒடனே பால் மாதிரி கலங்கும், பாத்து பயந்துடாதீங்க, தண்ணி கூடுனதும் கரைஞ்சிருந்த எண்ணெய் பொடிப்பொடி துளியா பிரியுது, அவ்ளோதான். 40 பர்சன்ட்ல போட்டா இந்தக் கலங்கல் கம்மியாதான் இருக்கும்.

ஒடனே குடிச்சா காரமா இருக்கும், பாட்டில்ல ஊத்தி இன்னும் ரெண்டு வாரமாவது விட்டாதான் இனிப்பும் நெடியும் ஒண்ணோட ஒண்ணு சேரும். அடியில கசடு தங்குனா காபி ஃபில்டர் பேப்பர்ல வடிச்சுக்கலாம். ஃப்ரீசர்ல வெச்சாலும் உறையாது, லேசா தேன் பதத்துக்கு கெட்டியாகும், சின்ன கிளாஸ்ல அப்படியே ஜில்லுனு குடிக்கறதுதான் எனக்குப் புடிக்கும். இனிப்பா இருக்கறதால ஏறுறதே தெரியாது, டம்ளர்ல ஊத்திடாதீங்க.

தோல் சீவுன மொட்டைப் பழங்கள் ரெண்டே நாள்ல காஞ்சு கல்லாயிடும், அன்னிக்கே புழிஞ்சு சாற ஐஸ் ட்ரேயில ஊத்தி வெச்சிடுங்க.