‘நம்ம ஊர் மாதிரியே இருக்கே!’: பிலிப்பினோ திருவிழாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சான் பிரான்சிஸ்கோவின் எர்பா புவெனா பூங்காவில் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு ‘பிஸ்தாஹான்’ நடக்கும். 1994 முதல் நடந்துவரும் பிலிப்பினோ திருவிழா. மார்க்கெட் தெருவில் ஊர்வலம், பூங்காவில் மேடை, சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. இந்தப் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அலுவலகத்தில் ஒரு பிலிப்பினோ நண்பராவது இருப்பார். அவர் கூப்பிட்டுத்தான் பெரும்பாலும் போவோம். நானும் அப்படித்தான் போனேன்.

முதல் தடவை போனபோது அரை நாளில் பத்துத் தடவையாவது ‘அட, இது நம்ம ஊர் மாதிரியே இருக்கே’ என்று சொல்லியிருப்பேன். அதில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று பிடிபட நாலைந்து வருஷம் ஆயிற்று. ஸ்வெட்டர் இல்லாமல் போனது அந்தக் கணக்கில் சேராத தனித் தவறு. ஆகஸ்ட்தானே என்று அரைக்கைச் சட்டையோடு கிளம்பாதீர்கள், சான் பிரான்சிஸ்கோவில் பனிமூட்டமும் குளிர்காற்றும் அந்த மாதத்தில்தான். காரும் வேண்டாம். பார்ட் ரயிலில் பவல் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்.

சாப்பாட்டு வரிசையில்

என் மனைவி சைவம். பினாக்பெத் என்ற கூட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய், பூசணி, காராமணிக்காய் என்று நம் வீட்டுத் தோட்டமே அந்தத் தட்டில் இருந்தது. “இறைச்சி இருக்கா?” என்று கேட்டாள். “இல்லை” என்றார் கடைக்காரம்மா. அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தட்டில் துண்டு இறைச்சிகூட இல்லை. ஆனால் பினாக்பெத்துக்கு ருசியே பகோஓங்கில்தான் இருக்கிறது. பகோஓங் என்பது இறாலையோ மீனையோ உப்பில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட விழுது. நாம் கறிவேப்பிலையைக் காயாகக் கணக்கு வைப்பதில்லை அல்லவா, அதுபோல அவர்களுக்கு அது வெறும் தாளிப்புச் சாமான். இன்னும் பல பண்டங்களில் பாத்திஸ் என்ற மீன்சாறு உப்புக்குப் பதிலாகப் போயிருக்கும். சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் லாயிங்கும் இதே கதைதான். இலையும் தேங்காயும் கண்ணுக்குத் தெரியும், கருவாடும் பன்றித் துண்டும் அடியில் கிடக்கும்.

ஆகவே ‘சைவமா?’, ‘இறைச்சி உண்டா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “பகோஓங் இருக்கிறதா? பாத்திஸ் ஊற்றினீர்களா? பாபோய் இருக்கிறதா?” என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பாபோய் என்றால் பன்றி. இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அடுத்த கடைக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வாழைப்பழத்தையும் பலாச்சுளைக் கீற்றையும் மெல்லிய தோலில் சுருட்டிச் சர்க்கரைப் பாகு படியப் பொரித்த துரோன் இருக்கிறது. பசையரிசியைத் தேங்காய்ப்பாலிலும் பழுப்புச் சர்க்கரையிலும் கிளறும் பீக்கோ இருக்கிறது. மென்மையான சோயாத் தயிர்க்கட்டிமேல் வெல்லப்பாகு மாதிரி ஒன்றை ஊற்றி ஜவ்வரிசி போட்டுத் தரும் தாஹோ இருக்கிறது. இதிலெல்லாம் ‘நம்ம ஊர் மாதிரியே’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

பூத்தோவில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆவியில் வேகவைத்த அரிசிப் பலகாரம், பெயரும் நம் புட்டை நினைவூட்டும். பார்க்கப் போனால் இனிப்பு இட்லிக்குத்தான் அது பக்கத்துச் சொந்தம். முட்டை சேர்ப்பார்கள், மேலே சீஸ் வைப்பார்கள். அதைவிட முக்கியம், பூத்தோவுக்குத் தொட்டுக்கொள்ள வழக்கமாக வருவது தினுகுவான், அதாவது பன்றி ரத்தத்தில் சமைத்த குழம்பு. கரிய நிறத்தைப் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்டால் சிலர் கேலியாக ‘சாக்லெட் கறி’ என்பார்கள். நம்பிக் குழந்தைக்கு ஊட்டிவிடாதீர்கள்.

ஐஸ் துருவலும் பாலும் இனிப்புகளும் அடுக்கித் தரும் ஹலோ-ஹலோவை மேலிருந்து ஸ்பூனால் நாசூக்காகச் சுரண்டித் தின்பதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். பெயரே ‘கலக்கு கலக்கு’ என்றுதான் அர்த்தம். அடிவரை கலக்குங்கள்.

அப்புறம், பாலுத். கருவளர்ந்த வாத்து முட்டையை அவித்தது. நம்மவர்கள் சிலர் திருவிழாவுக்கு வருவதே அதைக் கையில் வைத்து முகம் சுளித்து வீடியோ எடுக்கத்தான். இந்தத் திருவிழாவிலேயே பாலுத் தின்னும் போட்டியெல்லாம் நடந்திருக்கிறது; அவர்களே அதை வைத்துச் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாடு, அவர்கள் சிரிக்கலாம். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பேரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

இந்த விஷயத்தில் நம் பழக்கம் நன்றாகவே உதவும். அமெரிக்க அலுவலகத்தில் இருபது வருஷம் மூத்தவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகி, அதே வாயோடு திருவிழாவுக்கு வந்துவிடுகிறோம். அங்கே அண்ணனுக்கு ‘கூயா’, அக்காவுக்கு ‘ஆத்தே’, மாமா அத்தை முறைக்கு ‘தீத்தோ’, ‘தீத்தா’, தாத்தா பாட்டிக்கு ‘லோலோ’, ‘லோலா’. கடையில் பரிமாறுகிற முன்பின் தெரியாத பெண்ணையும் ‘ஆத்தே’ என்று கூப்பிடலாம். நம் ஊர்க் கடையில் ‘அக்கா, ஒரு டீ’ என்பதுபோலத்தான்.

நண்பரின் பாட்டி கையை நீட்டினால் குலுக்கிவிடாதீர்கள், முத்தமும் கொடுக்காதீர்கள். லேசாகக் குனிந்து, அந்தக் கையின் மேற்புறத்தை உங்கள் நெற்றியில் தொட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ‘மானோ’ என்று பேர். நான் முதல் தடவை அந்தக் கையைப் பிடித்துப் பலமாகக் குலுக்கினேன். பாட்டி எதுவும் சொல்லவில்லை, நண்பர்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

“குமாயின் கா நா?” என்று யாராவது கேட்டால் அது ‘சாப்பிட்டாச்சா?’ தான், நாம் கேட்கும் அதே அர்த்தத்தில். ‘பும்பாய்’ என்ற சொல் காதில் விழுந்தால் உடனே முறைக்க வேண்டாம். பம்பாயிலிருந்து வந்த பேர் அது, இந்தியர் எல்லாருக்கும் பொதுவாக ஒட்டிக்கொண்டது. பிலிப்பைன்ஸில் ஊர் ஊராகப் போய் வட்டிக்கு விடும் பஞ்சாபிகளை வைத்து ஒரு கேலியும் அதில் உண்டுதான். சொல்லுகிற தொனியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வயதானவர்கள் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள்.

“எல்லாரும் ஸ்பானிஷ்காரர்கள்தானே?”

சாந்தோஸ், ரேயெஸ், கார்சியா என்று குடும்பப் பெயர்களைக் கேட்டதும் இந்தக் கேள்வி வந்துவிடும். பிலிப்பைன்ஸை ஸ்பெயின் ஆண்ட காலத்தில், 1849இல், கவர்னர் கிளாவேரியா போட்ட ஓர் உத்தரவுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். வரி வசூலுக்கும் ஆள் கணக்குக்கும் வசதியாக ஒரு பெயர்ப் பட்டியலை ஊர்களுக்கு அனுப்பினார்கள், குடும்பங்கள் அதிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டன. பெயரை வைத்து வம்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ‘அப்போ உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமே’ என்பது அதற்கு அடுத்த தவறு. தகாலோக், செபுவானோ, இலோகானோ என்று மொழிகள் நூற்றுக்கும் மேல் உள்ள நாடு அது. செபுக்காரரிடம் போய் ‘உங்க தகாலோக்’ என்று ஆரம்பிப்பது, நம்மிடம் ஒருவர் வந்து ‘உங்க ஹிந்தி’ என்று ஆரம்பிப்பதுபோல.

சுதந்திர தினத் தேதியிலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்பெயினுக்குப் பிறகு ஆண்ட அமெரிக்கா விட்டுப்போனது 1946 ஜூலை 4. ஆனால் அவர்களின் சுதந்திர தினம் ஜூன் 12. 1898இல் அதே நாளில் கவீத் ஊரில் புரட்சித் தலைவர் அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து விடுதலையை அறிவித்தார். 1962இல் அதிபர் மகாபகால் கொண்டாட்டத்தை அந்த நாளுக்கே மாற்றினார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜூன் மாதம் அலங்காரத்துக்குக் கைகொடுக்கப் போய் நான் செய்தது இதைவிடப் பெரிய தவறு. பிலிப்பைன்ஸ் கொடியைச் சிவப்பு மேலே வருமாறு கட்டிவிட்டேன். நீலம் மேலே இருந்தால் அமைதி, சிவப்பு மேலே இருந்தால் நாடு போரில் இருக்கிறது என்று பொருள். நான் மேசை ஓரத்தில் நின்றுகொண்டு நாட்டையே போரில் இறக்கிவிட்டேன். தொங்கவிடுவதானால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் நீலம் வர வேண்டும். கொடியை மேசை விரிப்பாகவோ தோரணமாகவோ பயன்படுத்தக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் சட்டமே இருக்கிறது. கொடியின் வண்ணங்களில் காகிதத் தோரணம் கட்டினால் பிரச்சினை இல்லை.

மேடைக்குக் கீழே

பாரோங் என்ற மெல்லிய நீளச்சட்டையை யாராவது உங்களுக்குக் கொடுத்து உதவினால், அதைப் பேண்டுக்குள் செருகாதீர்கள். வெளியே விட்டுத்தான் போட வேண்டும், உள்ளே ஒரு வெள்ளைப் பனியன். ‘ஆயுதம் ஒளித்து வைக்கக் கூடாது என்று ஸ்பானியர்கள்தான் இப்படிப் போடச் சொன்னார்கள்’ என்று எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள். அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. நல்ல பாரோங் அன்னாசி இலை நாரில் நெய்தது. அக்லான் மாகாணத்தின் அந்தக் கைத்தறி நெசவு 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சலவைக்காரரிடம் கொடுக்கும்முன் உடைமைக்காரரைக் கேட்டுவிடுங்கள்.

கடைகளில் தெனாலாக் துணி கண்ணில் பட்டால் தரையில் விரித்துப் பார்க்காதீர்கள், தாண்டவும் செய்யாதீர்கள். அபாகா என்ற வாழை இனச் செடியின் நாரில், தெற்குத் தீவான மிண்டனாவோவின் த்போலி பழங்குடிப் பெண்கள் நெய்வது. அந்த நாருக்குக் காவலாக ஃபூ தாலு என்ற தெய்வம் இருப்பதாக அவர்கள் நம்பிக்கை. கனவில் கண்ட கோலங்களை நெய்கிறார்கள். அதை மிதிப்பது குற்றம்.

நடனத்தில்தான் என் ‘மாதிரியே’ பலமாக வழுக்கியது. இளவரசி, விசிறி, குடை, மோதும் மூங்கில்களுக்கு நடுவே நடக்கும் சிங்கில் நடனத்தைப் பார்த்து, “இது ராமாயணம், சீதை காட்டில் நடக்கிறாள்” என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கவே ஆரம்பித்துவிட்டேன். இந்த நடனத்துக்குச் சொந்தக்காரர்களான மிண்டனாவோவின் மரனாவ் மக்களிடம் ராவணனின் பெயரால் ‘மகராதியா லாவானா’ என்ற ராமகதை உண்டு என்பது உண்மை. ஆனால் சிங்கில் அவர்களுடைய தராங்கன் காவியத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது, அதன் நாயகன் பந்துகன். மரனாவ்கள் முஸ்லிம்கள் என்பதையும் நான் யோசிக்கவில்லை. மேடையில் பார்க்கும் வேகமான வடிவம், 1957இல் தொடங்கிய பாயானிஹான் நடனக் குழு போன்றவர்கள் மேடைக்காக அமைத்த வழியில் வந்தது. மரனாவ் பெண்கள் வீட்டில் ஆடுவது அதைவிட நிதானமானது.

தினிக்லிங் ஆட உங்களையும் கூப்பிடுவார்கள். வயல்களில் மூங்கில் பொறிகளுக்குத் தப்பிக் குதிக்கும் திக்லிங் பறவையின் நடை அது. காலைப் பார்த்துக்கொண்டு ஆடினால் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். கழி தரையில் இரண்டு தட்டு, பிறகு ஒரு மோதல். அந்தத் தாளத்தைக் காதால் பிடியுங்கள், தட்டுக்கு உள்ளே, மோதலுக்கு வெளியே. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள்

ஒரு வருஷம் ஊர்வலத்தில் ஒரு பையன் லாரி இட்லியோங் என்று எழுதிய பனியன் போட்டிருந்தான். பேரில் இட்லி இருக்கிறதே என்று நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நண்பர் சிரிக்கவில்லை. 1965 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டெலானோ ஊரின் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய பிலிப்பினோ தொழிலாளர்களின் தலைவர் அவர் என்று சொன்னார். எல்லாரும் அறிந்த தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸின் மெக்சிகத் தொழிலாளர்கள் எட்டு நாள் கழித்துத்தான் சேர்ந்தார்கள். முன்னால் இறங்கியவர்களில் பலர் ‘மானோங்’கள். இலோகானோவில் அண்ணன் என்று அர்த்தம். 1920களிலும் 30களிலும் வயல் வேலைக்கு வந்து, வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கச் சட்டம் இடம் கொடுக்காமல், ஊரிலிருந்து பெண் வரவும் வழியில்லாமல், தனிக்கட்டையாகவே வயதானவர்கள். அப்படிப்பட்ட பெரியவர்கள் தங்கியிருந்த இன்டர்நேஷனல் ஹோட்டலிலிருந்து 1977 ஆகஸ்ட் 4 அன்று விடியுமுன் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. ஆயிரக்கணக்கானோர் கைகோத்து மறித்தும் நிற்கவில்லை. அந்தக் கட்டடம் கியர்னி தெருவில் இருந்தது, பூங்காவிலிருந்து தூரமில்லை. இப்போது அங்கே 2005இல் கட்டிய முதியோர் குடியிருப்பு இருக்கிறது.

மேடை முடிந்ததும் ரயிலுக்கு ஓடுவதுதான் எல்லாரும் செய்வது. மறுபக்கம் ஃபோல்சம் தெருவைத் தாண்டிச் சற்று நடங்கள். லாபு லாபு, ரிசால், போனிஃபாசியோ, மபினி, தான்டாங் சோரா என்று பிலிப்பைன்ஸ் நாயகர்கள் பேரில் குட்டித் தெருக்கள் வரும். 1521இல் மக்டான் தீவில் மெகல்லனின் படையைத் தோற்கடித்த லாபு லாபு பேரில் ஒன்று. எண்பது வயதைத் தாண்டியும் புரட்சிக்காரர்களுக்குச் சோறும் மருந்தும் கொடுத்து, அதற்காகக் குவாம் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட தான்டாங் சோரா பாட்டி பேரில் ஒன்று. திருவிழா இந்தப் பேட்டையில் நடப்பது தற்செயல் இல்லை என்று அங்கே நின்றால் புரியும்.

கிளம்பும்போது நண்பரின் அம்மா அலுமினியத் தாளில் எதையாவது சுற்றிக் கொடுப்பார். ‘வேண்டாம் தீத்தா, வயிறு நிறைந்துவிட்டது’ என்று நான் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் என் பையைத் தானே திறந்து உள்ளே வைத்துவிட்டார். வீடு போய்ச் சேரும்வரை ரயில் பெட்டி முழுக்கப் பூண்டும் வினிகருமாக அடோபோ வாசனை.