ஷேல் சுரங்கக் கழிவுக் குன்றுகள்: மரம் நடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுரங்கத்தை மூடிய பிறகு மிஞ்சும் குவியலை வெறும் செத்த கல் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ஷேல் என்பது களிமண் இறுகி அடுக்கடுக்காக உருவான பாறை. சுரங்கம் தோண்டி எடுக்கும் ஷேலில் பெரும்பாலும் எரியக்கூடிய கரிமப் பொருள் இருக்கும்; பல இடங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமமும் இருக்கும். காற்றும் தண்ணீரும் உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரை அந்தக் குவியல் சும்மா இருக்காது.

எஸ்தோனியாவின் வடகிழக்கில் உள்ள குக்ருசேயைப் பாருங்கள். அங்கே எண்ணெய் ஷேலை, அதாவது சூடாக்கினால் எண்ணெய் தரும் ஷேலை, சுண்ணாம்புக்கல்லிலிருந்து பிரித்தெடுத்து, மிச்சத்தை மேடாகக் கொட்டினார்கள். பிரிபடாமல் போன ஷேல் மேட்டுக்குள்ளேயே தானாகத் தீப்பிடித்தது. உயரத்திலிருந்து கூம்பாகக் கொட்டும்போது பெரிய கற்கள் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும். அந்த இடுக்குகள் வழியாகக் காற்று புகுந்து மேலே ஏறும். குவியல் முழுக்கப் புகைபோக்கி ஆகிவிடும். ஆகவே மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, உருளையால் இறுக்கி, பக்கங்களைக் களிமண்ணால் மூட வேண்டும். எரியத் தொடங்கிவிட்ட குவியலை அவசரமாகத் தோண்டுவது இன்னொரு தவறு: காற்றுப் பட்டதும் தணல் கொழுந்துவிட்டு எரியும். தண்ணீரைப் பாய்ச்சினால் ஆவி வெடித்துக் கிளம்பலாம். பொறுமை இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. ஸ்வீடனில் குவார்ன்டோர்ப் ஷேல் எண்ணெய் ஆலை 1966-இல் மூடப்பட்டது. அதன் கழிவுக் குன்றின் உட்பகுதி இன்றும் சூடு ஆறவில்லை.

பைரைட் நிறைந்த கருப்பு ஷேலில் ஆபத்து வேறு மாதிரி. காற்றும் ஈரமும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், அது கன உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுவரும். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தூவிவிட்டால் போதும் என்று நினைப்பது இங்கே பலிக்காது. ஜெர்மனியின் ரோன்னெபுர்க்கில், 1990-இல் யுரேனியம் சுரங்க வேலை நின்ற பிறகு, குன்றுகளையே பெயர்த்து லிக்டன்பெர்க் திறந்தவெளிக் குழிக்குள் கொட்டினார்கள். எதை எங்கே கொட்டுவது என்பதில்தான் முழுக் கவனமும் இருந்தது. அமிலம் அதிகம் உண்டாக்கும் பாறை குழியின் அடியில் போனது. நிலத்தடி நீர் மீண்டும் ஏறியதும் அந்த ஆழத்தில் ஆக்சிஜன் எட்டாது. அமிலத்தைத் தணிக்கும் பாறை மேலே வந்தது. தேவைப்பட்ட இடத்தில் சுண்ணாம்பும் கலந்தார்கள். வகை பிரிக்காமல் வாரிக் கொட்டியிருந்தால் பிற்பாடு திருத்த வழியே இருந்திருக்காது. 2007-இல் அந்த வட்டாரத்தில் தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சியே நடந்தது.

அடுத்து, அடியில் ஓடும் தண்ணீர். ஊற்றின் மேல் குவியல் போடுவது மன்னிக்கவே முடியாத தவறு. வேல்ஸின் அபெர்ஃபானில், 1966 அக்டோபர் 21 அன்று, ஊற்றுக்கு மேல் கொட்டியிருந்த நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அது ஷேல் சுரங்கம் இல்லைதான், ஆனால் சரியும் விதம் எல்லாக் கழிவு மேடுகளுக்கும் ஒன்றுதான். கொட்டும் முன்பே ஊற்றுகளைக் கண்டுபிடித்து, வடிகால் வெட்ட வேண்டும். மழைநீரைத் தனியே திருப்பிவிட வேண்டும்.

சரி, இப்போது மரங்கள். மேல்மண்ணையும் புல்டோசரால் இறுக்கிவிடுகிறார்கள், பார்க்கச் சமமாக இருக்கும் என்பதற்காக. குவியலின் உள்ளே இறுக்கம் வேண்டும். வேர் இறங்கும் மேலடுக்கு பொலபொலவென்று இருக்க வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிச் சுரங்க நிலங்களில் குறைந்தது 1.2 மீட்டர் தளர்வான மண் வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். மரத்தையும் அந்த மண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்தோனியாவின் கல் மண்டிய பழைய குவாரிகளில் பெரும்பாலும் நட்டது பைன் மரங்களைத்தான்.

எல்லாக் குன்றையும் தட்டையாக்கவும் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் மேற்கு லோதியனில், எண்ணெய் எடுத்த பிறகு கொட்டிய சிவந்த ஷேல் குன்றுகளில் 350-க்கு மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ‘ஐந்து சகோதரிகள்’ என்ற குன்றுகள் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே உள்ளன. உறுதியாக நிற்கிற, நச்சு கசியாத குன்றின் மேல் மேல்மண்ணைக் கொட்டிப் புல் விதைத்தால், தானாக வந்து குடியேறிய செடிகள்தான் அழியும்.