குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உடலியக்கத்தை வீட்டில் வளர்ப்பது

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகள், 1,500 கிராமுக்கும் குறைந்த எடையுடன் பிறந்தவர்கள், பிறந்தவுடன் மூச்சுத் திணறலுக்கோ வலிப்புக்கோ ஆளானவர்கள் ஆகியோருக்கு உடலியக்கத்தில் சிரமம் தோன்றும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். சிரமம் வந்தே தீரும் என்பதில்லை. அதற்காக, ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பதும் தவறு. பயிற்சியைத் தொடங்க மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் வயதைச் சரியாகக் கணக்கிட வேண்டும். 40 வாரங்களுக்கு எத்தனை வாரங்கள் முன்னதாகக் குழந்தை பிறந்ததோ, அத்தனை வாரங்களை அதன் வயதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். 32 வாரத்தில் பிறந்து இப்போது ஆறு மாதமாகும் குழந்தையை, ஏறத்தாழ நான்கு மாதக் குழந்தையாகவே மதிப்பிட வேண்டும். இரண்டு வயதுவரை இந்தத் திருத்திய வயதைப் பயன்படுத்துவது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, நலமான குழந்தைகள் பிடிப்பின்றி உட்காரும் காலம் சுமார் 4 முதல் 9 மாதம் வரையிலும், தனியே நடக்கும் காலம் சுமார் 8 முதல் 17½ மாதம் வரையிலும் பரந்து கிடக்கிறது. எனவே பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை.

பயிற்சியின் அடிப்படை ஒன்றுதான்: அசைவைத் தொடங்குவது குழந்தையாக இருக்க வேண்டும். கை கால்களை நாம் பிடித்து நீட்டி மடக்குவதைவிட, தானாக முயன்று ஒரு பொருளை எட்டும்போதுதான் குழந்தை அதிகம் கற்றுக்கொள்கிறது. விழித்திருக்கும்போது, உடனிருந்து பார்த்துக்கொண்டே, உறுதியான தரை விரிப்பின்மேல் குழந்தையைக் குப்புறப் படுக்க வையுங்கள்; ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது இது சேர வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, இரண்டு மூன்று நிமிடங்களாகப் பலமுறை. தலையைத் தூக்கத் திணறினால், துண்டு ஒன்றைச் சுருட்டி, கைகள் முன்னே வருமாறு மார்பின் கீழ் வைத்து, உங்கள் முகத்தை அதன் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பேசுங்கள். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாந்த நிலையில்தான்.

பொம்மையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. கைக்கு எளிதாக எட்டினால் குழந்தை முயலாது, வெகுதொலைவில் இருந்தால் அழத் தொடங்கிவிடும். நீட்டிய விரல்களுக்குச் சற்று அப்பால், ஒரு பக்கமாக வைத்தால், எடையை ஒரு முழங்கையின்மேல் சாய்த்து மறு கையை விடுவிக்கப் பார்க்கும். உருளுவதற்கும் தவழ்வதற்கும் தேவையான எடை மாற்றம் இதுவே. முதல் முயற்சி தவறியதும் பொம்மையை எடுத்துக் கையில் கொடுத்துவிடாமல் சற்றுக் காத்திருங்கள் (பெரியவர்களுக்கு இதுதான் கடினமான பகுதி). எட்டிவிட்டால், அடுத்த முறை இடத்தையோ பொருளையோ சிறிது மாற்றுங்கள். சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள்.

உட்கார வைத்து நகரவிடும் சக்கர வாக்கரை வாங்கவே வேண்டாம். அது நடையை விரைவுபடுத்துவதில்லை, விபத்துக்கே வழி செய்கிறது. கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது.

சில அறிகுறிகளைக் கண்டால், அடுத்த தடுப்பூசி நாள் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருத்திய வயதில் நான்கு மாதம் கடந்தும் தலை நிற்காதது அல்லது கைகள் இறுக மூடியே இருப்பது, ஒன்பது மாதமாகியும் உட்காராதது, பதினெட்டு மாதமாகியும் நடக்காதது, தூக்கும்போது கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்வது ஆகியவை அவை. ஒரு வயதுக்குள்ளாகவே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதைப் பலர் திறமையாக எண்ணி மகிழ்கிறார்கள். மறு கையின் பலவீனம் அப்படித்தான் வெளிப்படக்கூடும். கற்ற திறன் ஒன்றை இழந்தாலோ, தாமதமே கூடாது.

பிசியோதெரபிஸ்டிடம் செல்லும்போது, வீட்டில் குழந்தை மல்லாந்தும் குப்புறவும் அசைவதைச் சில நிமிடங்கள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு செல்லுங்கள்; புதிய இடத்தில் அழும் குழந்தை காட்டாத அசைவுகள் அதில் இருக்கும். அவர் சொல்லும் பயிற்சிகளில் இரண்டை மட்டும் தேர்ந்து, உடை மாற்றும்போதும் விளையாடும்போதும் அன்றாடம் செய்யக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.