உங்கள் முதல் கணினி மாதிரி: விடை தெரிந்த கணக்கில் தொடங்குங்கள்

விரிசல் விடும் ஓர் இயந்திரத் தாங்கியை (bracket, பாகத்தைப் பிடித்து நிறுத்தும் உறுப்பு) பற்றி முதுநிலை ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே தாங்கியின் முழு வடிவத்தையும் கணினியில் ஏற்றிவிடாதீர்கள். எந்தத் தரவைக் கொடுத்தாலும் மென்பொருள் வண்ணப் படம் ஒன்றைப் போட்டுத் தந்துவிடும். அது சரியா என்று சொல்லாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். “தாங்கியை ஆராய்தல்” என்பது கேள்வி ஆகாது. “இந்தச் சுமையில் துளையோரத் தகைவு எவ்வளவு?” என்பது கேள்வி. (தகைவு என்பது பொருளுக்குள் ஓரலகு பரப்பில் இயங்கும் விசை.)

2. பேனாவால் ஒரு கணக்கு. ஒரு முனை இறுகப் பொருத்தப்பட்ட எஃகுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 1000 மி.மீ., குறுக்குவெட்டு 20 × 20 மி.மீ., மறுமுனையில் 100 நியூட்டன் சுமை, யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 2,00,000 மெகாபாஸ்கல். முனை இறங்கும் அளவுக்கான சூத்திரம்: சுமை × நீளத்தின் கனம் ÷ (3 × யங் குணகம் × பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன்). கடைசியில் உள்ளது, குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண். விடை 12.5 மி.மீ. சட்டத்தின் நடுவில், மேற்பரப்பில் தகைவு 37.5 மெகாபாஸ்கல். இந்த இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள்.

3. அதே சட்டத்தைக் கணினியில் கட்டுங்கள். ஃப்ரீகேட் (FreeCAD) என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தொடங்க அது போதும். பாய்சான் விகிதம் (இழுக்கும்போது பொருள் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பது) 0.3 கொடுங்கள். அலகுகளில் கவனம் வேண்டும். அலகே கேட்காத மென்பொருள்கள் உண்டு; அவற்றில் மி.மீ., நியூட்டன் என்று தொடங்கினால் தகைவு மெகாபாஸ்கலில் வரும், அடர்த்தியை டன்/கன மி.மீ. என்று கொடுக்க வேண்டும். எஃகுக்கு அது 7.85 × 10⁻⁹. ஓட்டி முடித்ததும் பொருத்திய முனையின் எதிர்விசையைப் பாருங்கள். 100 நியூட்டன் வரவில்லை என்றால் மேலே போக வேண்டாம்.

4. மெஷ்ஷைச் சோதியுங்கள். மென்பொருள் வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது; அந்தத் துண்டு எலிமென்ட், துண்டுகளின் வலை மெஷ். அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். முதல் படி (விளிம்புகளின் நடுவில் கணுப்புள்ளி இல்லாத) நான்முகி எலிமென்ட்களை வைத்து, தடிமனுக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் போட்டால், சட்டம் உண்மையில் இருப்பதைவிட விறைப்பாகிவிடும். 12.5 மி.மீ.க்கு வெகு குறைவாகவே இறங்கும். இரண்டாம் படி (விளிம்பு நடுவிலும் கணுப்புள்ளி உள்ள) எலிமென்டுக்கு மாற்றுங்கள், விடை சட்டென்று நெருங்கி வரும். அப்புறம் எலிமென்ட் அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். எண் அசையாமல் நிற்கும் வரை விடக் கூடாது.

ஆனால் இறுகப் பொருத்திய முனையின் ஓரங்களில் தகைவு நிற்கவே நிற்காது. மெஷ் நுணுக நுணுக ஏறிக்கொண்டே போகும். அந்த முனை இம்மியும் அசையாது என்று மாதிரியில் நாம் விதித்த எல்லை நிபந்தனையால் வருவது அது. உண்மையான உச்சத் தகைவு அல்ல. அதனால்தான் தகைவை நடுப்பகுதியில் ஒப்பிடச் சொன்னேன். கூரான உள்மூலைகளிலும் இதே கதைதான். அங்கே தெரியும் சிவப்பு நிறத்தை அப்படியே ஆய்வேட்டில் போட்டுவிடாதீர்கள்.

5. அடுத்தது துளை. தாங்கியில் துளை இருக்கிறதே! அகலமான தகடு ஒன்றில் சிறு வட்டத் துளை போட்டு ஒரே திசையில் இழுங்கள். துளையோரத்தில் தகைவு, துளையிலிருந்து தூரத்தில் உள்ள தகைவைப் போல் சுமார் 3 மடங்காக வர வேண்டும். இது ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் காட்டியது. தகட்டின் அகலம் துளையின் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும். துளையைச் சுற்றி மட்டும் மெஷ்ஷை நுணுக்கினால் போதும்.

6. இப்போது உங்கள் தாங்கி. தகைவுக்குச் சம்பந்தமில்லாத எழுத்துப் பொறிப்புகளையும் சிறு அலங்கார வளைவுகளையும் நீக்குங்கள். விரிசல் விடும் இடத்தின் வளைவை மட்டும் தொடாதீர்கள், அதன் ஆரம்தான் விடையையே தீர்மானிக்கிறது. போல்ட் பிடிக்கும் இடத்தை முழுக்க இறுக்கி ஒரு முறை, கொஞ்சம் நெகிழவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு விடையும் வெகுவாக மாறினால், ஆராய வேண்டியது அந்தப் பிணைப்பைத்தான்.

7. உண்மைப் பொருளில் அளந்து பாருங்கள். இதுவரை செய்தது கணக்கு சரியா என்ற சோதனை. எடுத்துக்கொண்டதே சரியான கணக்குதானா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். திரிபுமானியை (பொருள் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பதை, அதாவது திரிபை, அளக்க ஒட்டும் உணரி) விரிசல் முனையிலேயே ஒட்டாமல், திரிபு சீராக மாறும் இடத்தில் ஒட்டுங்கள். மாதிரியிலும் அதே புள்ளியில், அதே திசையில் திரிபைப் படித்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்.