பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஊர்ப் பாடசாலையின் ஒன்றுகூடலுக்குப் போக நினைப்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் விமானச் சீட்டை எடுத்துவிடுகிறார்கள். பிறகுதான் "எட்டாம் திகதிக்கும் பதினைந்தாம் திகதிக்கும் இடையில வையுங்கோ" என்று பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு போகிறது. பாதிக் கரைச்சல் அங்கேயே தொடங்கிவிடும். மண்டபம் எந்த நாளில் வெறுமையாக இருக்கும், மைதானம் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் அதிபரின் கையில் இருக்கிறது. சிலவேளை அவர் கையில்கூட இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னரே திகதியைக் கேட்டு, அதிபரிடமிருந்து எழுத்தில் வாங்கியபின் சீட்டு எடுங்கள். இங்கே சொல்லப்படுபவை யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளை மனத்தில் வைத்தவை. வன்னிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நாள் பார்ப்பது

வெளிநாட்டிலிருப்பவர்களுக்கு ஓகஸ்ட்தான் தோது. பிள்ளைகளுக்கு விடுமுறை, நல்லூர்த் திருவிழாவும் அந்தப் பருவத்தில் வரும். ஆனால் ஊரில் அதே மாதம்தான் அதிக சிக்கல். நல்லூர் 25 நாள் திருவிழா. தேர், தீர்த்த நாட்களில் உங்கள் ஒன்றுகூடலுக்கு யாரும் வரமாட்டார்கள், யாழ் நகரில் தங்க அறையும் கிடைக்காது. உங்கள் ஊர்க் கோயிலின் கொடியேற்றம் எப்போது என்பதையும் கேளுங்கள். திருவிழாக் காலத்தில் அரைவாசி வீடுகள் சைவம். கோழிப் புரியாணிக்குக் கொடுத்த முற்பணம் வீணாகும்.

பாடசாலை விடுமுறை என்றால் மண்டபம் காலி என்று நினைக்க வேண்டாம். பொதுப் பரீட்சை நடக்கும் நாட்களில் பாடசாலை பரீட்சை நிலையமாகிவிடும், வெளியாட்கள் உள்ளே போக முடியாது. விடுமுறையில் அதே மண்டபம் விடைத்தாள் திருத்தும் நிலையமாகவும் ஆகலாம். தேர்தல் அறிவித்தால் வாக்குச்சாவடி. 2020க்குப் பிறகு சாதாரண தர, உயர்தரப் பரீட்சை மாதங்கள் பல தடவை இடம்மாறிவிட்டன. ஆகவே நீங்கள் படித்த காலத்து ஓகஸ்ட், டிசெம்பர் கணக்கை வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள்.

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18, மாவீரர் நாளான நவம்பர் 27 ஆகிய நாட்களை அண்டிக் கொண்டாட்டம் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆனாலும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் ஏற்பாட்டில் இருந்தால் சொல்லிவையுங்கள். ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரை மாரி மழை, மைதானத்தில் வெள்ளம் நிற்கும். போயா (பூரணை) தினத்தில் நாடு முழுவதும் மதுவிற்பனை தடை. பாடசாலை வளவுக்குள் எந்த நாளிலும் மது கூடாது என்பது வேறு விடயம். இரவு விருந்தை விடுதியில் வைப்பவர்கள்தான் போயாவில் மாட்டிக்கொள்வார்கள்.

தைப்பொங்கல் முடிந்து மாசி நடுப்பகுதி வரையான காலம்தான் எங்கள் தெரிவு. வெயில் கடுமையில்லை. பல பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் அப்போதுதான் நடக்கும். பந்தல், ஒலிபெருக்கி, கதிரை எல்லாம் ஏற்கெனவே இருக்கும். பழைய மாணவர் ஓட்டம் நிகழ்ச்சி நிரலிலேயே ஒன்று. ஒன்றுகூடலை மறுநாள் வைத்தால் செலவு கணிசமாகக் குறையும்.

யாருடன் பேசுவது

ஊரிலுள்ள தாய்ச் சங்கம் ஒன்று. லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், மெல்பேண் என்று கிளைகள் சில. இவை பெயரில்தான் கிளைகள், நடைமுறையில் தனித்தனிச் சங்கங்கள். ஒரே கட்டடத்துக்கு இரண்டு கிளை காசு சேர்ப்பதும், ஒரு கிளை தாய்ச் சங்கத்தைத் தாண்டி நேரே அதிபருடன் பேசுவதும் வழக்கமான பிணக்குகள். பல சங்கங்களின் யாப்பில் அதிபரே பதவிவழித் தலைவர் அல்லது காப்பாளர். எனவே செயலாளருக்கும் அதிபருக்கும் ஒரே கடிதத்தை, ஒரே நாளில், ஒருவருக்குப் பிரதி என்று போட்டு அனுப்புங்கள். இருவரில் ஒருவர் இன்னொருவர் சொல்லிக் கேள்விப்பட்டால் மனவருத்தம் நிச்சயம்.

இன்றைய அதிபர் உங்களுக்கு ஐந்து வகுப்புக் கீழே படித்தவராக இருக்கலாம். மாணவர் முன்னால் "சேர்" அல்லது "ரீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். பழைய பட்டப்பெயரை மேடையில் அவிழ்த்துவிடுவது பகிடியாகாது.

பாடசாலை தேசிய பாடசாலையா, மாகாணப் பாடசாலையா என்று கேட்டு வையுங்கள். தேசிய பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழ் வரும். மற்றவை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள். மண்டபம் திருத்துவது, மதில் கட்டுவது போன்றவற்றுக்கு அதிபரின் வாய்ச்சொல் போதாது, மேலிடத்து அனுமதி வேண்டும். அதிபர்கள் இடமாற்றம் பெறுவார்கள். ஒருவருடன் பேசியது அடுத்தவரைக் கட்டாது. ஆகவே எதையும் கூட்டக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள்.

பெயர்ப் பட்டியல்

அதிக நேரம் தின்னும் வேலை இதுதான். சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் இலகு. வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டால், ஊரில் தோட்டம் செய்துகொண்டிருப்பவரும் திருமணமாகி மன்னாருக்குப் போனவரும் விடுபட்டுவிடுவார்கள்.

அதிபரின் அலுவலகத்தில் சேர்வு இடாப்பு இருக்கும். நீளமான, கெட்டி அட்டை போட்ட புத்தகம். ஒவ்வொரு வரியிலும் சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், முகவரி, முன்னர் படித்த பாடசாலை, சேர்ந்த திகதி, விலகிய திகதி. பழைய பக்கங்கள் விளிம்பில் உதிரும். ஸ்கானரில் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுவிடும், ஆகவே சன்னலோரம் மேசையில் விரித்துக் கைபேசியால் படமெடுப்பதே பாதுகாப்பு. அனுமதி வாங்கி, அலுவலக உதவியாளர் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். பிறந்த திகதி, முகவரி எல்லாம் தனிப்பட்ட விபரங்கள். குழுவில் போடும் பட்டியலில் பெயரும் ஆண்டும் போதும்.

இடாப்பே இல்லாத பாடசாலைகளும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பாடசாலைகள் பல ஆண்டுகள் வேறு இடங்களில் இயங்கின. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமமே வெறுமையானது. ஒரே பிள்ளையின் பெயர் மூன்று பாடசாலை இடாப்புகளில் இருப்பதும் ஒன்றிலும் இல்லாமல் போவதும் இதனால்தான். மிஷன் பாடசாலைகளாக இருந்தவற்றில், 1960-61இல் அரசு பொறுப்பேற்பதற்கு முந்தைய பதிவுகள் திருச்சபையிடம் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்கலாம். இடாப்பு இல்லையென்றால் பழைய பரிசளிப்பு விழா மலர்கள், வகுப்புப் புகைப்படங்கள், ஓய்வுபெற்ற வகுப்பாசிரியரின் ஞாபகம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

யார் எந்த ஆண்டுப் பட்ச் (மாணவர் அணி) என்பதில் சண்டை வரும். சிலர் உயர்தர ஆண்டைச் சொல்வார்கள், சிலர் சாதாரண தரத்தை. போர்க்காலத்தில் பரீட்சைகள் பிந்தின. நடுவில் வெளிநாடு போனவர்களுக்கு இரண்டுமே இல்லை. ஆறாம் வகுப்பில் இருந்த ஆண்டை அடிப்படையாக எடுத்தால் எல்லோரும் அடங்குவார்கள்.

பெயர் அட்டையில் கடவுச்சீட்டுப் பெயரைப் போடவே கூடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் முன்னாலோ பின்னாலோ போயிருக்கும், பெண்களுக்குக் கணவரின் பெயர் சேர்ந்திருக்கும். இடாப்பில் உள்ளபடி முதலெழுத்தும் பெயரும், கீழே ஆறாம் வகுப்பு ஆண்டும் இல்லத்தின் பெயரும். எழுத்து இரண்டு பாகத் (ஏறக்குறைய பன்னிரண்டு அடி) தூரத்தில் கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் அளவில் இருக்கட்டும்.

போய்ச் சேர்வது

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் மின்னணுப் பயண அனுமதியைப் புறப்படும் முன் எடுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ரயில் ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், விழாக்காலத்தில் அன்றே முடிந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து இரவு சொகுசு பஸ் இருக்கிறது. ஆனால் இரவு பஸ்ஸில் வந்து இறங்கிக் காலை ஒன்பது மணி நிகழ்ச்சிக்குப் போகிறவர் பத்தரைக்குத் தூங்கிவிடுவார். ஒரு நாள் இடைவெளி விடுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வருகிறவர்கள் பொதி எடையளவை முன்னரே பாருங்கள், சிறிய விமானம்.

அன்றைய நாள்

காலை எட்டரைக்குப் பதிவு, ஒன்பதுக்கு மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், பாடசாலைக் கீதம், மறைந்தவர்களுக்கு அகவணக்கம். வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, ஆசிரியர் கௌரவிப்பு, நன்றியுரை. எல்லாம் சேர்த்து இரண்டு மணித்தியாலம் தாண்டக்கூடாது. ஒவ்வொரு கிளைத் தலைவருக்கும் பேசச் சந்தர்ப்பம் கொடுத்தால் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். கிளை வாழ்த்துகளை மலரில் அச்சிட்டுவிடுங்கள். கீதத்தின் வரிகளை அச்சடித்துக் கொடுங்கள்; இரண்டாம் சரணம் யாருக்கும் ஞாபகமிராது.

கௌரவிப்புப் பட்டியலில் ஒரு ஆசிரியரின் பெயர் விடுபட்டால் அந்தக் கோபம் பத்து வருடம் நிற்கும். பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் (லொக் புத்தகம்) பழைய ஆசிரியர் வரவு இடாப்பையும் வைத்துச் சரிபாருங்கள், சேவைக்கால ஒழுங்கில் அழையுங்கள். எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வான் அனுப்புங்கள். அவர்களுக்குக் கைபிடி உள்ள கதிரை, மின்விசிறிக்கு அருகில் இடம், கொமோட் உள்ள மலசலகூடம் எது என்று காட்ட ஒரு மாணவர். வெயிலில் பொலியெஸ்ரர் பொன்னாடை போர்த்தி நிற்கவைப்பது மரியாதையா தண்டனையா தெரியவில்லை. உறையில் ஒரு தொகை அல்லது மருந்துச் செலவுக்கு உதவி என்றால் உண்மையில் பயன்படும். வரமுடியாதவர்களின் வீட்டுக்கு அன்றே மாலை நான்குபேர் போய்வாருங்கள்.

சாப்பாட்டுக்கு 100 பேருக்கு 12 கிலோ அரிசி. வருவதாகச் சொன்னவர்களில் பலர் வரமாட்டார்கள், வருகிறவர்கள் குடும்பமாக வருவார்கள். இரண்டும் கழிந்து கணக்கு ஏறக்குறைய சரியாகும், மேலதிகமாகப் பத்துச் சதவீதம் போதும். வெள்ளிக்கிழமையென்றால் சைவம். குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருவது. வெளிநாட்டிலிருந்து வந்த வயிறுகளுக்குப் போத்தல் தண்ணீர்தான். 150 பேருக்கு 19 லீற்றர் போத்தல் எட்டு. பத்தரைக்கு றோல்ஸ், வடை, தேநீர்.

சோளகக் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் பதாகையில் இடையிடையே பிறை வடிவில் வெட்டி ஓட்டை விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குள் கிழிந்துவிடும். மின்சாரம் நின்றால் ஒலிபெருக்கிக்கு ஜெனரேற்றர் வேண்டும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை; பலாலி, படைமுகாம் பக்கங்களில் அந்த எண்ணத்தையே விடுங்கள்.

விளையாட்டைக் காலை ஏழு மணிக்கோ மாலை நாலரைக்கோ வையுங்கள். நாற்பது தாண்டியவர்கள் உடலைச் சூடேற்றாமல் கயிறிழுத்தலில் இறங்கினால் தொடைத்தசை பிடிக்கும். தேசிக்காயும் கரண்டியும், சங்கீதக் கதிரை போதும்.

கொடுப்பது

என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரொறன்ரோவில் வாங்கிய ஒலிபெருக்கியும் லமினேற்றரும் 120 வோல்ற். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். செருகிய கணத்தில் புகை வரும். லண்டனிலிருந்து கொண்டுபோனால் பிளக் பொருந்தும், ஆனால் சுங்கம் வரி கேட்கும். கொழும்பில் வாங்கினால் உத்தரவாதமும் கிடைக்கும். திறன்பலகை, நிழற்பிரதி இயந்திரம் போன்றவற்றில் வாங்கும் விலையைவிட அடுத்த ஐந்து வருட மை, திருத்தச் செலவுதான் பிரச்சினை. அதை ஒதுக்காமல் கொடுத்தால் இரண்டாம் வருடம் துணிபோட்டு மூடிவிடுவார்கள். கொடுத்த பொருளைப் பாடசாலைப் பொருட்பதிவேட்டில் பதிந்தார்களா என்று பாருங்கள். பதியாத பொருள் காணாமல் போனால் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

ஞாபகார்த்தப் பரிசுக்கு நிலையான வைப்புப் போடுபவர்கள், வட்டி வருடாவருடம் என்ன வாங்கும் என்று யோசியுங்கள். 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. பழைய வைப்புகளின் வட்டிக்கு இப்போது ஒரு கிண்ணம்கூடக் கிடைக்காது. ஐந்து வருடத்துக்கொருமுறை வைப்புத் தொகையைக் கூட்டும் நிபந்தனையை ஆரம்பத்திலேயே எழுதுங்கள்.

சப்பாத்தோ சைக்கிளோ வாங்கும் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். பொருளை அதிபரிடம் கொடுங்கள், அவர் தன் அறையில் வைத்துக் கொடுப்பார். கணக்குக் காட்ட ரசீது போதும்.

பணம் தனிநபரின் கணக்குக்குப் போகக்கூடாது. சங்கக் கணக்கு, இரண்டு கையொப்பம், கணக்குப் புத்தகத்தில் உள்ளபடியே பெயர். ஒரு எழுத்து பிசகினாலும் வெளிநாட்டுப் பணம் திரும்பிவிடும். நிகழ்ச்சி முடிந்து ஒரு கிழமைக்குள் பொருளாளரிடம் வரவு செலவை ரசீதுகளுடன் கேளுங்கள். வெளிநாட்டுக்காரர் பறந்தபின் ரசீது சேர்ப்பது முடியாத காரியம். மிச்சக் காசை ஒருவரின் கையில் விட்டுவிட்டு வராமல், புறப்படும் முன் வங்கி திறந்திருக்கும் நாளில் நீங்களே கூடப் போய் வைப்பிலிடுங்கள். பெரும்பாலான கிளைகள் பிற்பகல் மூன்று மணிக்குப் பூட்டிவிடும், போயாவில் திறக்காது.